பகல் முழுக்கப் படம் – 9: தலையணைச் சண்டைக்குத் தலைகீழ் இசை

பள்ளி வாழ்க்கையை மையமாக வைத்து ஒரு நாள் முழுக்கப் படம் போட நினைப்பவர்கள் முதலில் எழுதிவைக்கும் பட்டியல் பெரும்பாலும் ஆசிரியர்களின் பட்டியலாக இருக்கும். 'டு சர், வித் லவ்' (1967), 'டெட் பொயட்ஸ் சொசைட்டி' (1989), 'தாரே ஜமீன் பர்' (2007). தனித்தனியாக மூன்றுக்கும் குறை சொல்ல முடியாது. ஒரே நாளில் அடுத்தடுத்துப் போட்டால் இரண்டாவது படம் பாதி ஓடுவதற்குள் அரங்கம் கதையைப் பிடித்துவிடும். புது வாத்தியார் வருகிறார், பிள்ளைகள் முறைக்கிறார்கள், ஒருவன் மட்டும் இளகுகிறான், பெரியவர்கள் நம்ப மறுக்கிறார்கள், கடைசியில் கண்ணீர். மூன்றாவது படத்தில் கண்ணீருக்குப் பதில் கொட்டாவிதான் வரும். ஆகவே ஒரு நாளுக்கு ஓர் ஆசிரியர் படம் போதும், அதுவும் கடைசியில். மற்ற நேரம் பிள்ளைகளுக்கு.

மண்டபம், ப்ரொஜெக்டர், ஜன்னல் திரை எல்லாம் முந்தைய வாரங்களில் முடிந்த கதை. இந்த வாரம் தமிழ்ப் பள்ளிப் படங்கள் என்று அறிவித்திருந்தது. அதற்கு முன் காலைக் காட்சியைத் தீர்மானித்தாக வேண்டும். அங்கேதான் ழான் விகோ குறுக்கே நிற்கிறார்.

காலையில் போடவேண்டியது அவருடைய 'ஸீரோ ஃபார் காண்டக்ட்'. 1933-இல் வந்த பிரெஞ்சுப் படம். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். தாமதமாக வருபவர்கள் அதிகம் இழக்காமல் உள்ளே வந்து உட்கார முடியும் என்பது நடைமுறைக் காரணம். பின்னால் வந்த பள்ளிக் கலகப் படங்கள் பலவற்றுக்கும் இதுவே மூத்தது என்பது இன்னொன்று. ஒரு விடுதிப் பள்ளி. நடத்தைக்குப் பூஜ்யம் வாங்கியவன் ஞாயிற்றுக்கிழமை வெளியே போக முடியாது. நான்கு பையன்கள் சேர்ந்து கலகத்துக்குத் திட்டமிடுகிறார்கள். பள்ளி விழா நாளில் கூரைமேல் ஏறி, கீழே உட்கார்ந்திருக்கும் பிரமுகர்கள்மீது கைக்குக் கிடைத்ததையெல்லாம் வீசுகிறார்கள். அந்தப் பிரமுகர்களில் சிலர் வெறும் பொம்மைகள். விகோ அதை மறைக்கவும் இல்லை. தலைமையாசிரியராக நடித்தவர் டெல்ஃபான் என்ற மிகக் குள்ளமான நடிகர். பையன்கள் பக்கம் நிற்கும் ஒரே ஆசிரியர் சாப்ளினைப் போல நடந்துகாட்டுகிறார். பிரெஞ்சுத் தணிக்கை படத்துக்குத் தடை போட்டது. இரண்டாம் உலகப்போர் முடியும்வரை அந்தத் தடை நீங்கவில்லை.

விகோவின் தந்தை மிகேல் அல்மெரைடா அரசை எதிர்த்த அனார்க்கிஸ்ட் பத்திரிகையாளர். 1917-இல் ஃப்ரேன் சிறையில் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்துகிடந்தார். மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தந்தையின் பெயர் தெரிந்தால் வம்பு என்பதால் மியோ ஊரின் விடுதிப் பள்ளியில் பையனை வேறு பெயரில் சேர்த்தார்கள். படத்தில் வரும் கோசா, ப்ரூயெல் இருவருக்கும் அந்தப் பள்ளித் தோழர்களின் பெயர்களையே வைத்தார் விகோ. 1934-இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு 29 வயது. எடுத்தது நான்கே படங்கள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் மூன்று மணி நேரத்தைத் தொடாது.

படத்தின் நடுவே இரவில் விடுதிக் கூடத்தில் ஒரு தலையணைச் சண்டை வருகிறது. தலையணைகள் கிழிந்து இறகுகள் பனிபோலக் கொட்டுகின்றன. கலவரம் மெல்ல மெல்ல ஸ்லோமோஷனாகி, இரவு உடுப்பில் பையன்கள் ஒரு சாமி ஊர்வலத்தின் நிதானத்தோடு நடந்துவருகிறார்கள். அந்த இடத்துக்கு மோரிஸ் ழோபேர் போட்ட இசை காதுக்கு விசித்திரமாக இருக்கும். மெட்டு புரிகிறது, வாசிப்பது என்ன வாத்தியம் என்று சொல்ல முடியவில்லை. ழோபேர் செய்தது இது: முதலில் மெட்டை வழக்கம்போல எழுதினார். பிறகு அதைக் கடைசிச் சுரத்திலிருந்து முதல் சுரம்வரை தலைகீழாகப் படியெடுத்தார். இசைக்குழு அந்தத் தலைகீழ்ப் பிரதியை வாசித்தது. ஒலிப்பதிவானதும் அந்தப் பதிவைப் பின்னோக்கி ஓட்டினார்கள். இரண்டு முறை திருப்பியதில் மெட்டு பழையபடி நேராகிவிட்டது. ஒவ்வொரு சுரமும் மட்டும் தனித்தனியே தலைகீழாக நின்றது. வழக்கமாக ஒரு சுரம் பளிச்சென்று தொடங்கி மெல்லத் தேயும். இங்கே ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஊதிப் பெருகி, சட்டென்று அறுபடுகிறது. கம்ப்யூட்டரில் இன்று ஒரு பொத்தானில் முடியும் காரியத்துக்கு 1933-இல் ஒரு குழு முழுக்கக் குறிப்புகளைப் பின்னாலிருந்து வாசிக்கவேண்டியிருந்தது. ஒலிபெருக்கி மோசமாக இருந்தால் இந்த நுட்பம் கேட்காது, கரகரப்புதான் கேட்கும். அமைப்பாளர் முந்தைய நாளே இந்தக் காட்சியை மட்டும் ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

ழோபேர் 1940 ஜூன் மாதம் போர்க்களத்தில் இறந்தார். ஆனால் அவருடைய இசை அதோடு நிற்கவில்லை. 1975-க்கும் 1978-க்கும் இடையில் ஃப்ரான்சுவா த்ருஃபோ எடுத்த நான்கு படங்களுக்கு, இறந்து 35 ஆண்டு ஆன இந்த மனிதரின் பழைய இசையையே எடுத்துப் பயன்படுத்தினார். அவற்றில் ஒன்றான 'ஸ்மால் சேஞ்ச்' தியேர் ஊரின் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியது. ஒளிப்பதிவாளரையும் விட்டுவிடக் கூடாது. விகோவின் நான்கு படங்களுக்கும் கேமரா போரிஸ் காஃப்மன். ரஷ்ய இயக்குநர் ட்ஸிகா வெர்டோவின் தம்பி. பின்னாளில் அமெரிக்காவுக்குப் போய் 'ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்' (1954) படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார்.

இரண்டாவது காட்சி த்ருஃபோவின் 'தி 400 ப்ளோஸ்' (1959), 99 நிமிடம். இதை விகோவுக்குப் பின்னால் உடனே போடுவதற்கு வலுவான நியாயம் இருக்கிறது. 1946-இல் ஒரு சனிக்கிழமை மதியம் பாரிஸில் ஒரு ஃபிலிம் கிளப், விகோவின் படங்களை ஒரே அமர்வில் திரையிட்டது. அதை நடத்தியவர்களில் விமர்சகர் ஆந்த்ரே பஸான் ஒருவர். பார்த்தவர்களில் பதினான்கு வயது த்ருஃபோவும் ஒருவன். பதின்மூன்று ஆண்டு கழித்து வந்த முதல் முழுநீளப் படத்தில் அந்தக் கடன் வெளிப்படையாகவே தெரிகிறது: உடற்பயிற்சி ஆசிரியர் விசில் ஊதியபடி தெருவில் ஓடுகிறார், பின்னால் வரும் வரிசையிலிருந்து பையன்கள் இருவர் மூவராக நழுவுகிறார்கள், ஆசிரியருக்குத் தெரியவே இல்லை. விகோவின் படத்தில் பையன்களைத் தெருவுக்குக் கூட்டிப்போகும் காட்சியின் நேர் வாரிசு இது. ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டையும் பார்ப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். நாள் முழுக்கப் படம் போடுவதன் பலனே இப்படிப்பட்ட இடங்கள்தான். பஸான் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை. 1958 நவம்பரில் படப்பிடிப்பு தொடங்கிய கையோடு இறந்துவிட்டார். படம் அவருக்குக் காணிக்கை.

விகோவின் இன்னொரு வாரிசு லிண்ட்ஸே ஆண்டர்சனின் 'இஃப்' (1968). கூரை ஏறும் பையன்கள் இதிலும் உண்டு, கையில் துப்பாக்கியோடு. ஆண்டர்சன் 1923-இல் பெங்களூரில் பிறந்தவர். தான் படித்த செல்ட்டனம் கல்லூரியிலேயே பெரும்பகுதியை எடுத்தார். கேன்ஸில் பெரிய விருது வாங்கியது. பிரிட்டனில் எக்ஸ் சான்றிதழ் பெற்ற படம் என்பதால், பிள்ளைகளோடு குடும்பமாக வரும் கூட்டத்துக்கு ஏற்றதில்லை. கல்லூரி மாணவர் மட்டும் என்றால் இரவுக் காட்சியாகச் சேர்க்கலாம்.

மதிய உணவுக்குப் பின் அப்பாஸ் கியாரோஸ்தமியின் 'வேர் இஸ் தி ஃப்ரெண்ட்ஸ் ஹோம்' (1987). சாப்பிட்ட மயக்கத்தில் ஈரானிய கிராமத்துப் படம் போட்டால் கூட்டம் தூங்கிவிடும் என்ற பயம் தேவையில்லை. வகுப்புத் தோழனின் நோட்டைத் தவறி எடுத்துவந்துவிட்ட அகமது, அதைத் திருப்பிக் கொடுக்க அடுத்த ஊருக்கு ஓடுகிறான். மறுநாள் நோட்டில் வீட்டுப்பாடம் இல்லையென்றால் தோழனைப் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவார் வாத்தியார். 83 நிமிடத்துக்கும் கேள்வி ஒன்றுதான்: வீடு கிடைக்குமா? துப்பறியும் படத்துக்கு இதைவிட என்ன வேண்டும். அகமதுவாக நடித்தவனும் தோழனாக நடித்தவனும் நிஜத்தில் அண்ணன் தம்பி. 1990-இல் அந்தப் பகுதியைப் பூகம்பம் தாக்கியபோது, பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்று தேடிப்போன பயணத்தையே கியாரோஸ்தமி 1992-இல் இன்னொரு படமாக்கினார்.

அண்ணன் தம்பி என்றதும் கடைசிப் படத்துக்கு வந்தாயிற்று: கெய்சுகே கினோஷிதாவின் 'ட்வென்டி-ஃபோர் ஐஸ்' (1954). ஷோதோ தீவின் ஒரு கிளைப் பள்ளி, ஓர் ஆசிரியை, பன்னிரண்டு பிள்ளைகள். கதை 1928-இல் தொடங்கிப் போர் முடிந்தபின் வரை நீளும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு வளர்ந்திருக்க வேண்டும். அதற்கு கினோஷிதா முகச்சாயல் ஒத்த அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஜோடிகளைத் தேடிப்பிடித்தார். சின்னவர் முதல் பகுதியில், பெரியவர் அடுத்த பகுதியில். பார்ப்பவருக்கு இது தெரியாது; பிள்ளை வளர்ந்துவிட்டதாகவே தோன்றும். ஆசிரியையாக ஹிதேகோ தகாமினே. நாளின் கடைசியில் வரும் இந்த ஆசிரியை யாரையும் காப்பாற்றுவதில்லை. பையன்கள் போருக்குப் போகிறார்கள், பெண்கள் வேலைக்கும் வறுமைக்கும் போகிறார்கள், அவரால் அழ மட்டுமே முடிகிறது. ஆசிரியர் படங்களின் வழக்கமான வெற்றிக் கதை இங்கே இல்லாததால்தான் நாளின் கடைசி இடம் இதற்கு. அந்த ஆண்டு ஜப்பானின் 'கினேமா ஜும்போ' இதழ் தேர்ந்தெடுத்த பட்டியலில் இது முதலிடம்; குரோசவாவின் 'செவன் சாமுராய்' மூன்றாமிடம்.

நான்கு படமும் சேர்ந்து ஆறரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. காலை 10 மணிக்குத் தொடங்கினால் 10:45-க்குத் தேநீர், 11-க்கு த்ருஃபோ, 12:40-க்குச் சாப்பாடு, 1:45-க்கு கியாரோஸ்தமி, 3:30-க்கு கினோஷிதா. ஆறு மணி தாண்டி விளக்கு எரியும். இடையில் யாரையும் பேச அழைக்கவேண்டாம். பேச்சாளர் பத்து நிமிடம் என்பார், அரை மணி எடுப்பார், கடைசிப் படம்தான் அடிபடும்.

அனுமதி விஷயமும் உண்டு. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, கல்வி நிலையம் தன் பணிகளின் பகுதியாக ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிலையத்தின் பணிகளோடு தொடர்புடையோர் ஆகியோருக்கு மட்டும் படம் காட்டலாம். தெருவில் போகிறவரையும் உள்ளே விட்டால் அந்த விலக்கு பொருந்தாது, உரிமையாளரிடம் அனுமதி வாங்கவேண்டும். டிவிடி காசு கொடுத்து வாங்கியதுதான் என்பது பதிலாகாது.

தமிழ்ப் படங்களுக்கு இடமில்லாமல் போய்விட்டது. அடுத்த வாரம் 'பசங்க', 'தங்கமீன்கள்', 'குற்றம் கடிதல்' மூன்றும். இவற்றில் எந்த இரண்டை ஒரே நாளில் போடக்கூடாது என்பதோடு.