நாள்பட்ட இரத்தப் புற்றுநோய்: மாத்திரையை நிறுத்தாதீர்கள்



வீட்டில் ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய் என்றதும் நமக்கு இரண்டு கவலைகள் வருகின்றன. எத்தனை நாள் இருப்பார் என்பது ஒன்று. பிள்ளைகளுக்கும் வருமோ, சம்பந்தம் பேசும்போது தடையாகுமோ என்பது மற்றொன்று. சி.எம்.எல். என்னும் நாள்பட்ட வகையில் இரண்டுக்கும் ஆறுதலான பதில் உண்டு.

நம் செல்களில் 23 ஜோடி குரோமோசோம்கள் உள்ளன. இந்நோயில், எலும்பு மஜ்ஜையில் உள்ள ஒரு செல்லின் 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. குட்டையாகிப்போன 22ஆம் குரோமோசோமை 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கண்டறிந்தார்கள். அதனால் அதற்குப் பிலடெல்பியா குரோமோசோம் என்று பெயர். அதில் உருவாகும் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்ற ஜீன்தான் வெள்ளை அணுக்களை ஓயாமல் பெருக்குகிறது. இது பிறந்த பிறகு ஏற்படும் மாற்றம். பிள்ளைகளுக்குப் போகாது; தொற்றவும் செய்யாது. இதைச் சொல்லிச் சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்க வேண்டியதில்லை.

அந்த ஜீனின் வேலையைத் தடுக்கும் இமாடினிப் மாத்திரை 2001இல் வந்தது. ஆரம்பத்திலேயே கண்டறிந்து ஒழுங்காகச் சாப்பிடுபவர்களில் பெரும்பாலோர் இன்று பல்லாண்டு வாழ்கிறார்கள். இங்கே அதன் விலை மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தது. இந்தியக் கம்பெனிகளோ சுமார் 10,000 ரூபாய்க்குக் கொடுத்தன. நோவார்ட்டிஸ் கம்பெனி கேட்ட காப்புரிமையைச் சென்னை காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. ஏழைகளுக்கு எட்டும் விலையில் மாத்திரை தொடர்ந்து கிடைக்க இத்தீர்ப்பு வழிசெய்தது.

உடம்பு தேறியதும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவதுதான் ஆபத்து. நோய் திரும்பலாம், முற்றவும் செய்யலாம். வேறு குரோமோசோம் கோளாறுகளும் சேர்ந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. டாக்டர் சொல்லும் நாளில், பொதுவாக 3 மாதத்துக்கு ஒருமுறை, பி.சி.ஆர்.-ஏ.பி.எல். சோதனை செய்ய வேண்டும். அளவு குறையவில்லை என்றால் மாற்று மாத்திரைகள் உண்டு. கர்ப்பத்தை எதிர்பார்க்கும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ரமலானிலும் மாத்திரையை விடக் கூடாது. இது உணவோடும் நிறையத் தண்ணீரோடும் சாப்பிட வேண்டியது. நோன்பு திறந்த பின் சாப்பிடலாமா, நோன்பே வைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

காரணமில்லாத அசதி, எடை குறைவு, இரவு வியர்வை, இடது விலாவின் கீழ் கனம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். கல்லங்குறிச்சிக்குப் பக்கத்திலேயே அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதலில் இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக. ஆமீன்.