சேலத்தில் ஒரு தீனி நடை, அதில் ஒரு ஏகாதசி விரதம்

வெளியூர் நண்பர்கள் சேலத்துக்கு வந்தால் அவர்களை நடத்தியே கூட்டிப்போய் சாப்பிட வைப்பது எனக்கு சில வருஷப் பழக்கம். காசு வாங்கிச் செய்கிற தொழில் இல்லை. சென்னையிலும் மதுரையிலும் வழிகாட்டியோடு நடந்துகொண்டே சாப்பிடுகிற சுற்றுலாக்கள் இருக்கின்றன. சேலத்தை மட்டும் பாதிப்பேர் ஏற்காட்டுக்கு பஸ் மாறும் இடமாகத்தான் பார்க்கிறார்கள். அந்தக் கடுப்பில் ஆரம்பித்த வேலை இது.

பாதை பெரிதாக ஒன்றுமில்லை. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் சுகவனேஸ்வரர் கோயில், அங்கிருந்து முதல் அக்ரஹாரம், சின்னக்கடை வீதி, கோட்டை மாரியம்மன் கோயில், கோட்டைப் பெருமாள் கோயில், கடைசியில் செவ்வாய்ப்பேட்டை. எல்லாமே திருமணிமுத்தாற்றை ஒட்டி வளர்ந்த பழைய ஊர். சேர்வராயன் மலைப் பக்கம் பிறந்து, நகருக்குள் சாக்கடையாக நடந்து, நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரிக்குப் போகிற ஆறு அது. பாலத்தில் நிற்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வரலாறு சொல்லவேண்டும். 1792-ல் திப்பு சுல்தானோடு போட்ட ஸ்ரீரங்கப்பட்டினம் ஒப்பந்தப்படி இந்தப் பகுதி கம்பெனியார் கைக்குப் போனது, அலெக்சாண்டர் ரீட் முதல் கலெக்டராக வந்தது, 1866-ல் நகராட்சி ஆனது, 1917 முதல் 1919 வரை ராஜாஜி அதன் தலைவராக இருந்தது, இவ்வளவையும் மூன்று நிமிஷத்தில் முடித்துவிடுவேன். வந்தவர்களுக்குப் பசிக்கும்.

போன மாசி மாதம் புனேயிலிருந்து கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அம்மாவோடு வந்திருந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு நடை ஆரம்பம். முதல் தட்டுவடை வண்டிக்கு முன்னால் நின்று, "ஆயி, உங்களுக்குக் காரம் குறைவா போடச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "எனக்கு இன்னைக்கு ஏகாதசி. நீங்க சாப்பிடுங்க." நண்பர் தலையைச் சொறிந்தார். அவருக்கே அப்போதுதான் தெரியும்.

தீனி நடைக்கு விரதத்தோடு வந்த விருந்தாளி! நான் முழித்ததைப் பார்த்து அவரே சமாதானம் சொன்னார்: "சாபுதானா கிச்சடி எங்கயாவது கிடைச்சா போதும். இது சாபுதானா ஊர்தானே? எங்க வீட்டு மூட்டையில சேலம்னுதான் போட்டிருக்கும்."

சாபுதானா என்றால் நம்ம ஜவ்வரிசி. அவர் சொன்னது முழுக்கச் சரி. இந்தியாவில் தயாராகும் ஜவ்வரிசியில் மிகப் பெரும் பங்கு சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்துதான் போகிறது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்கு புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அன்றைக்கு பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து செவ்வாய்ப்பேட்டை வரைக்கும் தேடியும் சமைத்த ஜவ்வரிசி ஒரு தட்டு கிடைக்கவில்லை. ஒரு ஓட்டலில் "பாயசம் ஞாயித்துக்கிழமைதாங்க" என்றார்கள். அந்த அம்மா இளநீரும், வேகவைத்த நிலக்கடலையும், நாலு வாழைப்பழமும் சாப்பிட்டு எங்களோடு முழுதாக நடந்தார். அவர்கள் ஊர் விரதத்தில் கடலைக்குத் தடை இல்லையாம்.

அன்றிலிருந்து என்னைக் குடைந்த கேள்வி இதுதான்: ஒரு ஊர் என்ன சாப்பிடுகிறது என்று காட்டிக்கொண்டே நடக்கிறோம், அது என்ன தயாரிக்கிறது என்பதை ஏன் காட்டவில்லை? இரண்டும் ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

முதலில் சாப்பிடுகிற பொருளைப் பார்ப்போம். தட்டுவடை செட் தெரியாதவர்களுக்கு: உள்ளங்கைக்குள் அடங்குகிற மொறுமொறு தட்டை ஒன்று, அதன்மேல் புதினா, கொத்தமல்லி அரைத்த பச்சைச் சட்னி, பூண்டும் மிளகாயும் அரைத்த சிவப்புச் சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், மூடுவதற்கு இன்னொரு தட்டை. அப்படியே முழுசாக வாயில் போடவேண்டும். கடித்துச் சாப்பிடப் பார்த்தால் சட்டை போச்சு. தட்டைக்குப் பதிலாக முறுக்கு வைத்தால் முறுக்கு செட். தட்டையை நொறுக்கி, சட்னியும் காயும் போட்டுக் கிளறினால் நொறுக்கல். அதிலேயே அவித்த முட்டை சேர்த்தால் முட்டை நொறுக்கல். முட்டைக்கு இந்தப் பக்கம் என்ன பஞ்சம்? ஒரு மணி நேரத் தூரத்தில் நாமக்கல்.

இந்தத் தீனியின் சூட்சுமம் ருசியில் மட்டும் இல்லை. வண்டியைக் கவனித்துப் பாருங்கள், அடுப்பு இருக்காது. தட்டை வீட்டிலோ வேறொரு குடிசைத் தொழிலிலோ முன்னாடியே பொரிக்கப்பட்டது, நாள்கணக்கில் கெடாது. வண்டியில் நடப்பது அடுக்குகிற வேலை மட்டும். கேஸ் வேண்டாம், மாஸ்டர் வேண்டாம், பெரிய முதலும் வேண்டாம். ஒரு அக்கா மத்தியானம் காயைத் துருவி, சட்னியை அரைத்துக்கொண்டு நாலு மணிக்கு வண்டியைத் தள்ளிவந்தால் ராத்திரி ஒன்பதுக்குள் வியாபாரம் முடிந்துவிடும். தமிழ், தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் என்று நாலு பாஷை பேசுகிற தறிக்காரர்களின் ஊர் இது. குகையிலும் அம்மாப்பேட்டையிலும் தறியை நிறுத்திவிட்டு டீக்கு வருகிறவர்களுக்கு வயிறு நிறையவேண்டாம், நாக்கு விழித்தால் போதும். செட்டு இந்த ஊரில் வேர்விட்டதற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றும்.

(இடையில் ஒன்று. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் வந்தது சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1-ல். கள்ளு, சாராய வருமானம் போன ஓட்டையை அடைக்க ராஜாஜி 1939-ல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். சாப்பிட்டு முடித்து பில்லில் வரியைப் பார்த்து முனகுகிறவர்களிடம் இதைச் சொல்லுவேன்.)

இனி தயாரிக்கிற பொருள். ஜாவாவிலிருந்து வந்த அரிசி என்பதுதான் ஜவ்வரிசி ஆயிற்று என்பார்கள். அசல் ஜவ்வரிசி தென்கிழக்காசியாவின் சேகோ பனையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுப்பது. நம்மிடம் இருப்பது மரவள்ளிக் கிழங்கின் மாவு. எங்கள் பக்கம் இதைக் குச்சிக்கிழங்கு என்போம், நடுவது குச்சியைத்தானே. தென்னமெரிக்கப் பயிரான இதை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அரிசிப் பற்றாக்குறைக்கு மாற்றாக ஊக்குவித்துப் பரப்பினார்.

சேலத்துக்கு இது தொழிலாக வந்தது யுத்தத்தால். 1942 தொடக்கத்துக்குள் மலாயாவும் ஜாவாவும் ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டன. அங்கிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் மாவும் நின்றன. கருவாட்டு வியாபாரத்துக்காகக் கேரளப் பக்கம் போய்வந்த சேலம் மாணிக்கம் செட்டியார், அங்கே மரவள்ளி மாவைப் பார்த்து அதை இங்கே செய்ய ஆரம்பித்திருந்தார். பினாங்கில் ஜவ்வரிசி செய்கிற முறையைத் தெரிந்துகொண்டு வந்த போபட்லால் ஷா அவரோடு சேர்ந்தார். 1943-ல் சேலத்து ஜவ்வரிசி பிறந்தது. ஒரு கருவாட்டு வியாபாரி ஆரம்பித்த பொருள்தான் இன்று வடக்கே சுத்த விரத உணவு. இதை நான் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.

அடுத்த வருஷமே ஒரு சிக்கல் வந்தது. 1944-ல் பஞ்சம். மரவள்ளியும் சாப்பிடும் பொருள்தானே, அதிலிருந்து செய்த எதுவும் மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று சேலம் கலெக்டர் உத்தரவு போட்டார். உற்பத்தியாளர்கள் சங்கமாகத் திரண்டு, மத்திய அரசின் சிவில் சப்ளை கமிஷனர் வரை முறையிட்டு உத்தரவை ரத்து செய்யவைத்தார்கள். 'சேலத்துக் கிழங்கை சேலமே சாப்பிடட்டும்' என்று அரசாங்கம் சொன்ன அந்தக் கட்டளை நின்றிருந்தால், இன்றைக்கு நம்ம வண்டிகளில் என்ன விற்றுக்கொண்டிருக்கும் என்று சில சமயம் யோசிப்பதுண்டு. ரத்தானதால் தொழில் பிழைத்தது, வளர்ந்தது. 1981-ல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் வந்தது.

ஆத்தூர், ராசிபுரம் பக்கம் ரோட்டோரம் வெள்ளைவெளேர் என்று ஏதோ காய்வதைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீர்கள். சேகோ பாக்டரியின் களம் அது. கிழங்கைக் கழுவி, தோல் உரித்து, அரைத்து, பாலைச் சலித்துத் தொட்டியில் தெளியவிடுவார்கள். அடியில் படிகிற ஈரமாவை உதிர்த்து, குலுக்கிக் குலுக்கியே உருண்டை ஆக்குவார்கள். பிறகு சூடான தட்டில் வறுப்பதோ ஆவியில் வேகவைப்பதோ நடக்கும். ஆவியில் வெந்தது கண்ணாடி மாதிரி இருக்கும், நைலான் ஜவ்வரிசி என்று பெயர். கடைசியில் வெயில். மிஞ்சுகிற சக்கை திப்பி, மாட்டுத் தீவனத்துக்குப் போகும். எதுவும் வீணில்லை, ஊர்க் கிணற்றுத் தண்ணீரைத் தவிர. ஆலைக் கழிவுநீர் விட்ட நாற்றத்தை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை.

விவசாயிக்குக் காசு கிழங்கின் எடைக்கு மட்டும் இல்லை, 'பாயிண்ட்'டுக்கு. மாவுச்சத்து எத்தனை சதவீதம் என்பதே பாயிண்ட். ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று விலை பேசுவார்கள். மழை பெய்த மறுநாள் வெட்டினால் பாயிண்ட் இறங்கிவிடும். பத்து மாசம் காத்திருந்த பயிரின் விலை இப்படி ஒரு எண்ணில் தொங்குகிறது. மக்காச்சோள மாவைக் கலக்கிறார்கள், அதனால் கிழங்குக்கு விலை விழுகிறது என்பது விவசாயிகளின் நீண்டகாலப் புகார். இன்னொன்று வெள்ளை நிறம். இயற்கையாகக் காய்ந்த ஜவ்வரிசி கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். சந்தை பளீர் வெள்ளையைக் கேட்பதால் சில இடங்களில் ரசாயனம் போட்டு வெளுக்கிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறை அவ்வப்போது போய்ச் சோதனை போடுகிறது. விரதத்துக்கு வாங்குகிறவர் "வெள்ளையா இருக்கறதா குடுங்க" என்று கேட்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை குறையும் என்பது என் கட்சி.

அரிசியும் கோதுமையும் ஆகாத நாளில் கிழங்கு ஆகும், அதனால் ஜவ்வரிசி ஆகும். இதுதான் மகாராஷ்டிரத்துக் கணக்கு. கிச்சடியில் என்னென்ன போகிறது பாருங்கள்: ஜவ்வரிசி, நிலக்கடலை, உருளைக்கிழங்கு, பச்சைமிளகாய். நாலுமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. கப்பலேறி வந்த நாலு பயிர் சேர்ந்து ஏகாதசியைக் காப்பாற்றுகின்றன.

நாம்? ஊர்க்காரர்களுக்கு ஜவ்வரிசி என்றால் பாயசம், இல்லாவிட்டால் மாசி பங்குனி வெயிலில் கூழ் காய்ச்சி வேட்டித் துணியில் ஊற்றுகிற வடகம். அதற்குமேல் அதை யாரும் சாப்பாடாக நினைக்கவில்லை. அது விற்கிற பொருள்.

அன்றைய நடை செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் முடிந்தது. அதுவரை நான் யாரையும் லீ பஜாருக்குள் கூட்டிப்போனதில்லை; மொத்த மளிகை மண்டியில் சாப்பிட என்ன இருக்கு என்ற நினைப்பு. அந்த அம்மா மூட்டைகளுக்கு நடுவில் நின்று, கையில் அள்ளி, விரலால் நசுக்கி, ஒன்றைக் கடித்துப் பார்த்தார். பளபளவென்று இருந்ததை ஒதுக்கிவிட்டு மங்கலான ரகத்தில் ரெண்டு கிலோ வாங்கினார். கடைக்காரர் என்னிடம், "அம்மாவுக்கு சரக்கு தெரியுதுங்க" என்றார்.

ராத்திரி எங்கள் வீட்டில் ஊறப்போட்டார். தண்ணீர் சரியாக ஜவ்வரிசி மட்டத்துக்குத்தான் நிற்கவேண்டும், கூடினால் பசை என்று என் அம்மாவிடம் சைகையிலேயே சொன்னார். விரதம் முடிந்த மறுநாள் காலையில் எங்களுக்காகக் கிச்சடி செய்தார். சீரகம் தாளித்து, ஒன்றிரண்டாகப் பொடித்த கடலை தூவி, உதிரி உதிரியாக. "வடகக் கூழ் மாதிரி கொழகொழன்னு இருக்கும்னு நெனச்சேன்டா" என்று அம்மா ரெண்டாம் தடவை போட்டுக்கொண்டார்.

இப்போது என் நடை மூன்று மணிக்கே லீ பஜாரில் ஆரம்பிக்கிறது. மூட்டையைப் பார்த்து, பாயிண்ட் கதையைக் கேட்டு, பிறகுதான் தட்டுவடை. வீட்டில் செய்த கிச்சடி ஒரு டப்பாவில் கையில் இருக்கும். போன வாரம் வண்டிக்கார அக்கா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி அது, உப்புமாவா?" என்றார். ஜவ்வரிசி என்றதும் நம்பவில்லை. ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டு, "உப்பு ஒறப்பு பத்தல" என்று ஒரு தட்டையில் அதை ஒரு ஸ்பூன் வைத்து, சிவப்புச் சட்னி ஊற்றி, இன்னொரு தட்டையால் மூடி என் கையில் கொடுத்தார். நல்லாத்தான் இருந்தது. அதற்குக் காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார். லிஸ்டில் இல்லாத அயிட்டமாம்.