மீன்தொட்டிக்கு ஏற்ற பேத்தை மீன்

வீட்டுத் தொட்டியில் பேத்தை மீன் வளர்க்க ஆசையா? கடையில் பளிச்சென்று கண்ணில் படும் பச்சைப்புள்ளிப் பேத்தையை நன்னீர் மீன் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். வளர வளர அதற்கு உப்புக் கலந்த நீர் தேவை. ஆப்பிரிக்காவின் எம்பு பேத்தையோ இரண்டடிக்கு மேல் வளரும். வீட்டில் அதற்கு இடம் காணாது.

எண்பது, நூறு லிட்டர் தொட்டிக்குப் பொருத்தமானது குள்ளப் பேத்தை. கேரளத்தின் பம்பை போன்ற ஆறுகளில் வாழும் இது, முழுக்க நன்னீர் மீன். வளர்ந்தாலும் மூன்று சென்டிமீட்டர் அளவுதான். இரு கண்களையும் தனித்தனியே உருட்டி, ஒரு நத்தையைச் சுற்றிச் சுற்றி வேவு பார்த்து, சட்டென்று கொத்தும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்!

ஆண் மீன்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும். ஆகவே ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் மீன்கள், ஒளிந்துகொள்ள அடர்ந்த செடிகள். ஆணின் வயிற்றில் கருங்கோடு தெரியும். குருணைத் தீவனத்தைப் பெரும்பாலும் தொடாது. புழுக்களும் சிறு நத்தைகளும் கொடுங்கள். வேறு மீன்களோடு சேர்க்க வேண்டாம், துடுப்பைக் கடித்துவிடும். ஆறுகளில் இவை அருகிவருவதால், பண்ணையில் பொரித்த குஞ்சுகளையே கேட்டு வாங்குங்கள்.