என்ன தெரிகிறது என்று கேளுங்கள்

ஓவியக் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி, சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் லினோ அச்சுப்படம் ஒன்றை உருவாக்கினாள். தெருக்குழாயில் தண்ணீருக்குக் காத்திருப்பதால் பள்ளிக்குச் செல்ல இயலாமற்போகும் சிறுமியைப் பற்றியது அது. வரிசையாகக் குடங்கள், தலையில் குடத்துடன் ஒரு சிறுமி, மேலே கொளுத்தும் சூரியன். 'தாத்தா, நான் சொல்ல வந்தது இதில் புரிகிறதா?' என்று கேட்டாள். 'மிகத் தெளிவாகப் புரிகிறது' என்றேன். என் சொல்லை நம்பி இருபது தாள்களை அச்சிட்டாள்.

மறுநாள் காலை பூக் கொடுக்க வந்த பெண்மணி, மை காய்வதற்காகக் கொடியில் தொங்கவிட்டிருந்த தாள்களைப் பார்த்துவிட்டு, 'எந்தக் கோயில்ல பாப்பா பால்குடம்?' என்று கேட்டார். பேத்தியின் முகம் வாடிவிட்டது.

அந்தப் பெண்மணி பார்த்ததில் பிழையில்லை. தலையில் குடம் ஏந்திய சிறுமி, நம் ஊர்களில் பால்குட ஊர்வலத்தையும் நினைவூட்டத்தான் செய்வாள். பிழையில் பெரும்பங்கு என்னுடையது. படத்தின் கருவைப் பேத்தி பல நாள்களாகச் சொல்லக் கேட்டிருந்தேன். ஆகவே, படத்தில் இல்லாதவற்றையும் என் மனம் நிரப்பிக்கொண்டது. போதாக்குறைக்கு, அவளை மகிழ்விக்கும் விருப்பமும் சேர்ந்துகொண்டது.

இத்தனைக்கும், கள ஆய்வுக்குச் செல்லும் பொருளியல் மாணவர்களிடம் ஆண்டுதோறும் நான் கூறிவந்த பாடம் இதுதான்: விடையைக் கேள்விக்குள் வைக்காதீர்கள். 'ரேஷன் கடை அரிசி தரமாக இல்லை, அப்படித்தானே?' என்று கேட்டால், பலரும் 'ஆமாம்' என்றே சொல்வார்கள். 'புரிகிறதா?' என்ற கேள்வியும் அத்தகையதே. 'புரியவில்லை' என்று சொல்வதற்குப் பலருக்குக் கூச்சம், சொந்தபந்தங்களுக்கோ மனமில்லை.

அச்சுக்கலையில் இந்தப் பிழைக்கு விலை அதிகம். லினோலியத் தகட்டில் சிற்றுளியால் செதுக்கி நீக்கிய பகுதி தாளில் வெண்மையாக நிற்கும். செதுக்காமல் விட்ட பகுதியே மையை ஏற்கும். படமும் இடவலம் மாறியே பதியும். ஓவியர் திரைச்சீலையில் ஒரு வண்ணத்தின்மேல் மற்றொன்றைப் பூசித் திருத்தலாம். செதுக்கி நீக்கியதைத் தகட்டில் மீண்டும் ஒட்டிவைப்பது எளிதன்று. எனவே பிறர் கருத்தைக் கேட்க உரிய நேரம், முதலில் வரைவு நிலை. அடுத்து, ஓரிரு தாள்களில் மட்டும் பதித்துப் பார்க்கும் மெய்ப்பு நிலை.

பெருங்கலைஞர்களும் இத்தகைய தேடலுக்கு விலக்கல்லர். ஜெர்மானியப் பெண் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ், 1919 ஜனவரியில் படுகொலை செய்யப்பட்ட கார்ல் லீப்க்னெக்டின் நினைவாக அச்சுப்படம் ஒன்றை உருவாக்க முனைந்தார். உலோகத் தகட்டில் பொறித்துப் பார்த்தார், கல்லச்சிலும் முயன்றார். நிறைவு ஏற்படவில்லை. இறுதியில் 1920-இல் மரச்செதுக்கு அச்சாக அதை முடித்தார். உடலின் மீது குனிந்து நிற்கும் தொழிலாளர்களின் துயரம், அந்தக் கருப்பு வெள்ளையில்தான் அவர் விரும்பிய வலிமையைப் பெற்றது.

பொருளியலுக்கும் இதில் தொடர்புண்டு. பொருளியல் அறிஞர் ஓட்டோ நாய்ராத், 1925-இல் வியன்னாவில் சமூக, பொருளாதார அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். புள்ளிவிவர அட்டவணைகளைப் படிக்கப் பழகாத தொழிலாளர்களுக்கும் நாட்டின் நிலை விளங்க வேண்டும் என்பது அவரது நோக்கம். அதற்கான குறியீட்டுப் படங்களை கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற கலைஞர் லினோவில் செதுக்கித் தந்தார். முதல் பார்வையில் முதன்மையானதும், அடுத்த பார்வைகளில் விவரங்களும் புலப்பட வேண்டும் என்பது நாய்ராத் வகுத்த அளவுகோல். பார்ப்பவரின் அருகில் நின்று விளக்கம் சொல்லும் வாய்ப்பு படைத்தவருக்கு எப்போதும் கிடைப்பதில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அப்படியானால் எவ்வாறு கேட்பது? கருவை முன்பே அறியாதவரிடம் படத்தைக் கொடுக்க வேண்டும். தலைப்பைச் சொல்லக் கூடாது. 'இதில் என்ன தெரிகிறது? முதலில் எது கண்ணில் பட்டது? பார்த்ததும் மனதில் என்ன தோன்றியது?' என்ற மூன்று கேள்விகள் போதும். விடை வரும்வரை பேசாமல் இருக்க வேண்டும். அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். குறுக்கிட்டு விளக்கினால் அந்தக் கணமே ஆய்வு முடிந்துவிடும்.

ஒருவர் மட்டும் வேறாகப் பொருள் கொண்டால், அது அவருடைய நினைவுகளின் விளைவாக இருக்கலாம். பலரும் ஒரே இடத்தில் தடுமாறினால் படத்தைத் திருத்த வேண்டும். பொருளைப் புரிந்துகொண்டு அதனுடன் உடன்படாதவர்களும் இருப்பார்கள். அதைப் படத்தின் குறையாகக் கொள்ளத் தேவையில்லை. கலை என்பது பெயர்ப்பலகை அன்று. படைத்தவர் எண்ணாத பொருளும் அதில் தோன்றலாம். ஆனால், ஒரு சிறுமியின் இழப்பு திருவிழாவாகத் தோன்றினால் அதை அவ்வாறே விட்டுவிட முடியாது.

பேத்தி புதிய தகடொன்றை எடுத்தாள். சூரியனை நீக்கினாள். சிறுமியின் தலையிலிருந்த குடத்தைத் தரையில் வரிசையோடு சேர்த்தாள். அந்தக் குடங்களுக்கு நடுவே, இடம்பிடித்து வைத்ததுபோல் ஒரு புத்தகப்பையை நிறுத்தினாள். ஒரேயொரு மெய்ப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குச் சென்று, 'இதுல என்னக்கா தெரியுது?' என்று கேட்டுவிட்டு அமைதியாக நின்றாள்.

பூக்காரப் பெண்மணி சற்று நேரம் படத்தையே பார்த்தார். பிறகு, 'இன்னைக்கும் இந்தப் புள்ள பள்ளிக்கூடம் போகலையா?' என்று கேட்டார்.

அதன் பிறகே பேத்தி எஞ்சிய தாள்களை அச்சிட்டாள். இம்முறை என்னிடம் அவள் கருத்துக் கேட்கவில்லை. அதுவே சரியென்று எனக்கும் பட்டது.