முடி குத்திய புண்ணுக்குக் கத்தி எதற்கு?

ஆடிக் கிருத்திகை சமயத்தில் திருத்தணியில் மொட்டையடிக்கும் இடத்தில் கால் வைக்க முடியாது. நனைத்த தலையில் கத்தி ஓட ஓட, ஈரமுடி பிடரியிலும் முதுகிலும் அப்பிக்கொள்ளும். துண்டால் நாலு தட்டு தட்டிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினால், சோளிங்கர் சாலையில் கே.ஜி.கண்டிகை வருவதற்குள் முதுகு ஊரல் எடுத்துவிடும்.

வெட்டுப்பட்ட முடித்துண்டின் முனை ஊசி மாதிரி. அது முதுகு வழியே இறங்கி, வால் எலும்பை ஒட்டிய பிட்டப் பிளவில் வியர்வையும் உராய்வும் சேர, தோலைத் துளைத்து உள்ளே போகும். அங்கே சீழ்ப் புரை உண்டாகும். இதுதான் பைலோனைடல் சைனஸ். லத்தீனில் முடிக்கூடு என்று பொருள். ரோமம் அடர்ந்த, உட்கார்ந்தே வேலை செய்யும் இளைஞர்களுக்கு அதிகம் வரும். ஆசனவாய்க்குப் பக்கத்தில் வரும் பௌத்திரம் வேறு. சுவர் விளம்பரத்தைப் பார்த்து மூல வைத்தியரிடம் ஓட வேண்டாம்.

பிறவியிலேயே அமைந்த குழி இது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். அதனால் தோண்டித் தோண்டி அறுத்தார்கள். 1948இல் மருத்துவர்கள் பேட்டியும் ஸ்கார்ஃபும் முடிதிருத்துநர் ஒருவரின் கை விரலிடுக்கில் இருந்த இதே புண்ணைப் பற்றி 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். விரலிடுக்கில் ஏது பிறவிக்குழி? வாடிக்கையாளரின் முடிதான் குத்தியிருக்கிறது.

முடிதான் காரணம் என்றால் முடியை எடுத்தால் போதாதா? ஹவாயின் ட்ரிப்ளர் ராணுவ மருத்துவமனை அதைத்தான் செய்து பார்த்தது. முன்பு இரண்டே ஆண்டுகளில் 229 பேருக்கு அறுவை செய்த இடம் அது. புரையிலுள்ள முடியை நீக்கி, சுற்றிலும் வாராவாரம் மழித்து, சுத்தம் காத்த பிறகு, 17 ஆண்டுகளில் அறுத்தெடுக்க நேர்ந்தது 23 முறைதான். 1994இல் வெளியான கணக்கு இது.

இன்னொரு வழி ஃபீனால் என்ற அரிக்கும் வேதிப்பொருள். மரத்துப்போக ஊசி போட்டு, இடுக்கியால் முடிகளைப் பிடுங்கி, சுற்றுத் தோல் வெந்துவிடாமல் களிம்பு தடவி, ஃபீனால் படிகத்தைப் புரைக்குள் வைப்பார்கள். சிலருக்குத் திரும்பவும் வைக்க வேண்டிவரும். லேசரில் முடியின் வேரையே கருக்குவதும் உண்டு. ஒரே தடவையில் முடியாது. ஆயுர்வேதத்தில் கள்ளிப்பாலும் நாயுருவிக் காரமும் மஞ்சளும் தோய்த்த க்ஷாரசூத்திர நூல் இருக்கிறது. தேர்ந்த கை வேண்டும்.

ஆனால் வீங்கிச் சிவந்து, உட்கார முடியாமல் விண்விண்ணென்று தெறித்தால் சீழை உடனே கீறி வெளியேற்றத்தான் வேண்டும். மாத்திரையை மட்டும் நம்பி நாளைக் கடத்தக் கூடாது.

மழிப்பதில்தான் சங்கடம். இடம் தன் கண்ணுக்குத் தெரியாது. டாக்டரிடம் காட்டவே கூசுகிற பையன் வாராவாரம் யாரிடம் போய்ப் பிளேடை நீட்டுவான்? கல்யாணமானவர் மனைவியிடம் கேட்கலாம். மற்றவர்களுக்கு, டாக்டர் சரி என்றால், புண்ணில் படாமல் முடிநீக்கும் கிரீம்தான்.