பழைய பாட்டு, புதிய பதிவு – 7: நிலாப் பாட்டு கீதமான கதை

பழைய சினிமாப் பாட்டை யாராவது ரீமிக்ஸ் செய்தால் நமக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. நாம் எழுந்து நின்று பாடும் மலேசியத் தேசிய கீதம் 'நெகாராகூ'வே பழைய பாட்டொன்றின் மறுவார்ப்புதான் என்றால் எங்கள் ஊர் ரெங்கத்தில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள்.

மெட்டு பேராக்கிலிருந்து வந்தது. சுல்தான் அப்துல்லாவை ஆங்கிலேயர் 1877இல் செய்ஷெல்ஸ் தீவுக்கு நாடுகடத்தினார்கள். அங்கே புழங்கிய பிரெஞ்சு மெட்டு அவர் குடும்பத்துக்குப் பழகிப்போனது என்பார்கள். பின்னாளில் லண்டன் போன பேராக் சுல்தானின் பரிவாரத்திடம், "உங்கள் கீதம் எது?" என்று கேட்க, 'இல்லை' என்று சொல்லக் கூச்சப்பட்ட உதவியாளர் இதை முணுமுணுத்துக் காட்டினாராம். உண்மையோ பொய்யோ, நல்ல கதை. பேராக்கின் மாநில கீதம் அந்த மெட்டுதான்.

ஆனால் மெட்டு அரண்மனைக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. 'தெராங் பூலான்' என்ற நிலாக் காதல் பாட்டாகி ஊரெல்லாம் சுற்றியது. டச்சுக் கிழக்கிந்தியாவில் (இன்றைய இந்தோனேசியா) 1937இல் அதே பெயரில் படமே வந்தது. ஃபெலிக்ஸ் மெண்டல்சனின் குழு 1947இல் ஹவாய் கிட்டார் குழைய, 'மாமுலா மூன்' என்று இசைத்தட்டில் பதிந்தது. கேட்டால் கால் தானாக ஆடும்.

சுதந்திரம் நெருங்கியபோது தேசிய கீதத்துக்கு உலகளவில் போட்டி வைத்தார்கள். 514 மெட்டுகள் வந்தன. பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன், சிங்கப்பூர் கீதத்தைத் தந்த சுபிர் சைட் ஆகிய இசையமைப்பாளர்களையும் கேட்டுப் பார்த்தார்கள். எதுவும், நாட்டின் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மானின் குழுவுக்கு ஒட்டவில்லை. கடைசியில் 1957 ஆகஸ்ட் 5ஆம் தேதி பேராக் மெட்டே தேர்வானது. சொற்கள் மட்டும் புதிது.

சிக்கல் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது. வேகத்தைக் கூட்டி, அணிவகுப்பு நடையில் புதிதாகப் பதிந்தார்கள். செம்பனைக்கு நடுவே இருந்த எங்கள் பக்கத்துத் தோட்டப் பள்ளியில், சபைகூடலில் அந்தக் கேசட் ஓடும்போது பார்க்க வேண்டும். மலாய் இன்னும் நாக்கில் புரளாத முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒவ்வோர் அடியிலும் கடைசிச் சொல்லை மட்டும் எட்டிப் பிடிப்பார்கள். ஒலிபெருக்கி ஓய்ந்த பிறகும் பின்வரிசை பாடிக்கொண்டிருக்கும்.

வாத்தியத்தை மாற்றுங்கள், குரலை மாற்றுங்கள், தப்பில்லை. கூடி நின்று பாடுகிறவர்கள் எங்கே மூச்சு விடுவார்கள் என்று பார்க்காமல் நடையில் கைவைத்ததுதான் பிசகு. சர்க்கஸ் இசை என்று கேலி செய்தவர்களும் உண்டு. 2003இல் இசையமைப்பாளர் வா இட்ரிஸின் இசைக்கோவையில் பழைய நிதானம் திரும்பியது. பெயரையே 'மலேசியாகூ' என்று மாற்றும் பேச்சும் அப்போது கிளம்பியது. எதிர்ப்பு வரவே அடங்கிப்போனது.

தேசிய கீதத்தை வேண்டுமென்றே அவமதித்தால் 100 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை என்கிறது 1968ஆம் ஆண்டுச் சட்டம். 'மாமுலா மூன்' கேட்பது அதில் சேராது என்றே நினைக்கிறேன். யூடியூபில் தேடிக் கேளுங்கள். எழுந்து நின்றீர்களா, தாளம் போட்டீர்களா என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.