மலைச்சரிவுக் குடிசைகளில் யாருடைய சட்டம்?

வயலை விட்டு ஓடிவந்தவர்களுக்கு நகரத்தில் கிடைப்பது பெரும்பாலும் வேறெவரும் விரும்பாத நிலமே. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் மெடெல்லின் நகரிலும் அப்படித்தான் நடந்தது. அந்நகரின் மேற்கு ஓரத்தில் செங்குத்தான மலைச்சரிவொன்று உண்டு. அதனைக் 'கொமூனா 13', அதாவது 13 ஆம் வட்டாரம் என்பார்கள். கெரில்லாக்களுக்கும் துணை இராணுவக் குழுக்களுக்கும் நடுவில் அகப்பட்டுக் கிராமங்களைக் கைவிட்ட விவசாயக் குடும்பங்கள் பல, அங்கே பலகையும் தகரமும் கொண்டு குடிசை போட்டன. காணிக்கு உறுதி இல்லை. ஏறிப்போக ஒழுங்கான பாதையும் இல்லை. அரசாங்கம் நெடுங்காலம் எட்டிப் பார்க்கவும் இல்லை.

அரசாங்கம் எட்டிப் பார்க்காத இடத்தை வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். பப்லோ எஸ்கோபார் என்ற கொக்கெயின் வியாபாரி, இத்தகைய மலைச்சரிவுப் பையன்களைச் சம்பளத்துக்குக் கொலை செய்பவர்களாக மாற்றினான். 1991 ஆம் ஆண்டில் மாத்திரம் மெடெல்லினில் 6,000 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1993 டிசம்பர் 2 இல் எஸ்கோபார் சுட்டுக் கொல்லப்பட்டான். தலைவன் போனால் குழுவும் போகும் என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். கிளைகள் தனித்தனி மரங்களாயின.

ஒரு குழு ஊருக்குள் எப்படிக் காலூன்றுகிறது என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அது பெரும்பாலும் காவலாளியாகவே வருகிறது. 1990 களில் 13 ஆம் வட்டாரத்துக்கு வந்த ஆயுதக் குழுக்களும், கள்வரையும் போதை விற்பவரையும் விரட்டுவோம் என்றே வந்தன. இரவில் பயமின்றி உறங்க விரும்பிய சனங்கள் அதனை வரவேற்றார்கள். (அவர்களைக் குறை கூறுவது எளிது, அந்த இரவுகளை நாம் அனுபவிக்கவில்லை.) பின்னர் அந்தக் காவலுக்கு வாரந்தோறும் பணம் கேட்கப்பட்டது. அங்கே அதற்குத் 'தடுப்பூசி' என்று பெயர்! கடைக்காரரும் பஸ் சாரதியும் வீட்டுக்காரரும் 'ஊசி' போட்டுக்கொள்ள வேண்டும். போடாதவனுக்கு என்ன வருத்தம் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அத்துடன் நிற்பதில்லை. வேலியில் சண்டையா, கடன் திரும்பி வரவில்லையா, கணவன் மனைவிக்கு அடிக்கிறானா? பொலிசுக்குப் போனால் நாட்கணக்காகும். சந்தியில் நிற்கும் பையன்களிடம் சொன்னால் அன்றே முடிந்துவிடும். அவசரத்துக்குப் பணமும் அவர்களிடமே உண்டு. நாள்தோறும் வந்து அறவிடும் அந்தக் கடனைச் 'சொட்டுச் சொட்டாக' என்பார்கள். நம்மவர்கள் மீற்றர் வட்டி என்று சொல்வதற்கு அது உடன்பிறப்பு. சில பகுதிகளில் முட்டையையும் சமையல் வாயுவையும் கூட அவர்கள் சொல்லும் ஆளிடமே வாங்க வேண்டும். போதைவஸ்து அவர்களது வருமானத்தில் ஒரு பங்குதான். துப்பாக்கியை விட இந்தச் சில்லறை அலுவல்களே ஊரை அவர்களுடன் கட்டிப்போடுகின்றன என்பது என் எண்ணம்.

குழுக்கள் பலவானால் எல்லைகளும் பலவாகும். இந்த ஒழுங்கை ஒருவனுடையது, அடுத்த படிக்கட்டு இன்னொருவனுடையது. கோடு எதுவும் கீறப்பட்டிருக்காது. 'காணாத எல்லை' என்றே அதனை அழைக்கிறார்கள். எந்தக் குழுவிலும் சேராத இளைஞர்கள் கூட அதைக் கடந்ததற்காகக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் உள்ள பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பத் தாய்மார் அஞ்சினார்கள்.

2002 இல் அரசாங்கம் வந்தது. ஆனால் ஹெலிகொப்டருடன் வந்தது. மே 21 ஆம் திகதி நடந்த நடவடிக்கையில் சிறுவர்களும் உட்பட ஒன்பது பேர் இறந்தனர். அன்று காயப்பட்டவர்களை வெளியே கொண்டுசெல்ல வழியின்றி, சனங்கள் வெள்ளைத் துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் அசைத்துக்கொண்டு வீதிக்கு இறங்கினார்கள். சூடு நின்றது. ஆயுதமில்லாதவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வந்ததனால் அது கைகூடியது. தனியே வந்தவனின் கதி வேறாக இருந்திருக்கும். அக்டோபர் 16 இல் 1,000 க்கும் மேற்பட்ட படையினரும் பொலிசாரும் மீண்டும் புகுந்தனர். பழைய குழுக்கள் அகற்றப்பட்டன. துணை இராணுவக் குழு அவற்றின் இடத்தில் அமர்ந்தது. அதன் பின்னர் காணாமற் போனோர் பலர்.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில் எல் சலாதோ என்ற பகுதியிலிருந்து சுமார் 65 குடும்பங்கள் விரட்டப்பட்டன. அவர்களுட் பலர் ஏற்கெனவே கிராமத்திலிருந்து ஓடிவந்தவர்கள். 'நீங்கள் நகரத்துக்குள்ளேயே இருக்கிறீர்கள். ஆகவே இடம்பெயர்ந்தோர் அல்ல' என்று அதிகாரிகள் பதிய மறுத்தார்கள். பதிவு இல்லாவிட்டால் உதவியும் இல்லை என்பதை இதை வாசிப்போருக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்கள் வழக்குக்குச் சென்றார்கள். ஒரே நகரத்துக்குள் வீட்டை விட்டு விரட்டப்பட்டவரும் இடம்பெயர்ந்தவரே என 2003 இல் நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2011 டிசம்பரில் அந்தச் சரிவில் திறந்த வெளியில் மின்படிகள் அமைக்கப்பட்டன. முதியவர்களும் சுமை தூக்குபவர்களும் மூச்சு வாங்காமல் ஏறுகிறார்கள். சுற்றுலாப் பயணிகளும் வருகிறார்கள். 2023 இல் நகரம் முழுவதிலும் நடந்த கொலைகள் 400 ஐ எட்டவில்லை. படிக்கட்டுதான் ஊரைத் திருத்தியது என்று வெளியார் சிலர் எழுதுவது மிகைப்பட்ட பேச்சு. குழுக்கள் தமக்குள் உடன்பட்டிருக்கும் காலத்தில் கொலை குறையும். தடுப்பூசிப் பணம் குறைவதில்லை.

ஊருக்குள் நடந்த சிறிய வேலைகளே என்னை அதிகம் கவர்கின்றன. 'அக்ரோஆர்த்தே' என்ற குழுவில், மண்வெட்டி பிடித்துப் பழகிய பெரியவர்களும் ராப் பாட்டுப் பாடும் இளைஞர்களும் சேர்ந்து, மயான மதிலோரத்திலும் வெறும் நிலங்களிலும் செடி நடுகிறார்கள். சந்தியில் நின்று ஆள் பிடிப்பவனுக்கு முன்னரே பையனின் மாலை நேரத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார். கிராமத்தில் கற்ற தொழிலும் வீண்போகவில்லை.

காணாமற் போனோரின் தாய்மாரும் மனைவிமாரும் சங்கமாகக் கூடினார்கள். மலையுச்சிக்கு அருகே கட்டட இடிபாடுகளைக் கொட்டும் 'எஸ்கொம்ப்ரேரா' என்ற இடத்தில் தங்கள் உறவினர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லி வந்தார்கள். கற்பனை என்று சொன்னவர்களும் உண்டு. மேலே இடிபாடு தொடர்ந்து கொட்டப்பட்டது. 2024 டிசம்பரில் அங்கே தோண்டியவர்கள் முதன்முறையாக மனித எலும்புகளைக் கண்டெடுத்தார்கள்.